ஆளில்லை என்ற பதிவு

அந்த ஆய்வுக்கூடத்தில் வெறுமைக்கு ஒரு பெயர் இருந்தது. ஆளில்லை.

வைத்தவர் அவளுடைய கணவர். சாயத்துணுக்கு எதையும், ஒளி பாய்ச்சிப் பொருளை அறியும் ராமன் கருவியில் வைத்து அளப்பதற்கு முன்னால், வெறும் தட்டை மட்டும் ஒருமுறை அளந்துகொள்வார். பச்சை லேசர் தட்டில் பட்டுத் திரும்பும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடும். அப்புறம் துணுக்கை வைத்து அளப்பார். இரண்டாவது கோட்டிலிருந்து முதல் கோட்டைக் கழித்தால் மிஞ்சுவது சாயத்தின் சொந்தக் கோடு. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று மேடும் பள்ளமும் உண்டு. கைரேகை மாதிரி, ஒன்றினுடையது இன்னொன்றுக்கு வராது. வெறும் தட்டின் அளவுக்கு மற்றவர்கள் ஏதாவது எண் போட்டுச் சேமிப்பார்கள். இவர் 'ஆளில்லை' என்று போடுவார்.

"கதவைத் தட்டிப் பார்த்தேன், ஆளில்லை. அவ்வளவுதானே விஷயம்?" என்பார்.

அவர் அளந்ததெல்லாம் பிள்ளைகள் கை படுகிற சாயம். பொம்மை, தொட்டில், பள்ளிக்கூட பெஞ்ச், பேருந்துக் கைப்பிடி. உரிந்து விழும் சாயத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்து, கழிக்காத கோட்டையும் அதன் ஆளில்லையையும் சேர்த்தே ஓர் இணையத் தொகுப்பில் ஏற்றிவைப்பார். பல ஊர் ஆய்வுக்கூடங்கள் கோடுகளைப் பகிர்ந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற பொது இடம் அது. எங்கோ ஒருவர் ஒரு பொம்மையின் மஞ்சளை அளந்து அங்கே தேடினால், 'மிக நெருங்கிய பதிவு இது' என்று இவருடைய கோடு எதிரே வந்து நிற்கும். ஈயமஞ்சள் என்றால் பொம்மை குப்பைக்குப் போகும். தொகுப்பில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'விளக்கு'.

அந்தப் பெயர் கூடத்தில் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டியது. கருவி அறை இருட்டாக இருக்கவேண்டும்; துளி வெளிச்சம் உள்ளே போனாலும் கோடு கெடும். அவரோ ஜன்னலின் கருப்புத் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஒரு மேசை விளக்கை எரியவிடுவார். சி.எஃப்.எல் என்கிற சுருள் பல்பு போட்ட சின்ன விளக்கு. காலையில் சாப்பாட்டுப் பையோடு கொண்டுவருவார், சாயங்காலம் அதே பையில் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"எனக்கு இருட்டு ஆகாது. மூச்சு முட்டும்" என்று வெட்கமில்லாமல் சொல்வார்.

அவள் எடை பார்க்கும் அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் நாளில்தான் முதன்முதலாக விளக்கைப் பார்த்தாள். முதல் நாள் அவர் திரையை இழுத்தபோது அவளுக்கு மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை. மறுநாள் விளக்கு வந்தது. நம்மைவிட அதிகம் பயப்படுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் நம் பயம் எங்கோ ஒதுங்கிவிடுகிறது. பாவம் இந்த மனுஷர் என்று நினைத்தாள். அந்தப் பாவம்தான் மெல்ல மெல்லக் கல்யாணத்தில் போய் முடிந்தது.

அந்தச் சுருள் பல்பின் வெளிச்சம் கருவிக்குள் நுழைந்து ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு இடத்தில் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். முள் என்பார்கள் அதை. சாயத்தின் மேடுகள் சரிந்து இறங்கும். முள் விறைப்பாக நிற்கும். ஆனால் ஆளில்லையிலும் அதே இரண்டு முள் இருப்பதால், கழிக்கும்போது போய்விடும். "வந்த வழியே போயிடுச்சு பார்" என்பார்.

ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

*

சில மாதம் கழித்துத் தொகுப்பிலிருந்து ஒருவர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கெட்ட பதிவுகளைப் பார்த்து நீக்குவது அவர் வேலை. அவருக்குக் கத்தரி என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள்.

"மேடம், நான்தான் கத்தரி பேசறேன். நேர்ல வந்து துக்கம் கேக்க முடியல. மன்னிக்கணும்."

"பரவாயில்லை சார். சொல்லுங்க."

"சொல்றதுக்கு நாக்கு வரல. சாரோட பதிவுகள் எல்லாத்துலயும் ரெண்டு முள்ளு நிக்குது. முன்னாடி கண்டுக்காம விட்டோம். இப்ப கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லுது. போன வாரம் ஒருத்தர் ஏதோ பிளாஸ்டிக்கை அளந்து தேடினார். அவர் ரூம்லயும் யாரோ விளக்கை அணைக்கல போல. முள்ளும் முள்ளும் பொருந்தி, 'இது தொட்டில் சாயம்'னு பதில் வந்துடுச்சு. சிரிச்சுட்டார் மனுஷன். எனக்குத்தான் சிரிப்பு வரல."

"அதான் ஆளில்லை இருக்கே சார். கழிச்சா போயிடுமே."

"அந்த ஆளில்லைதான் சிக்கல். முள்ளு விளக்கோடதா, கருவியோட கோளாறான்னு எனக்குத் தெரியணும். கருவிக் கோளாறுன்னா எந்தக் கோட்டையும் நம்பி ஒரு குழந்தை கையில பொம்மையைக் கொடுக்க முடியாது. அதே கருவியில ரெண்டு வெற்று அளவு எடுத்து அனுப்புங்க. ஒண்ணுல முள்ளு இருக்கணும், ஒண்ணுல இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு வரி எழுதுங்க. போதும், எல்லாத்தையும் வெச்சுக்கறேன்."

"இல்லைன்னா?"

"என் பேரே கத்தரி, மேடம்."

கைபேசியை வைத்தபின் அவள் தொகுப்பைத் திறந்து அவர் பக்கத்தைப் பார்த்தாள். பக்கம் பக்கமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. தொட்டில் நீலம், ஆளில்லை. ஊஞ்சல் சிவப்பு, ஆளில்லை. வீட்டில் அவர் சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது, கண்ணாடியைக்கூடக் கொடுத்தாகிவிட்டது. அவர் கையால் செய்ததென்று எங்காவது ஒன்று இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதென்றால் அது இங்கேதான். இதையும் வெட்டிவிட்டால் நிஜமாகவே ஆளில்லை.

*

பழைய கருவி அறையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. புதுக் கருவி மாடியில் வந்துவிட்டது. நல்ல மத்தியானத்தில், வெளியே வெயில் கொளுத்தும்போது, அவள் சாவி வாங்கிப் போய்த் திறந்தாள். முள் இல்லாத அளவை முதலில் எடுத்துவிடலாம், விளக்கை நாளைக்குக் கொண்டுவரலாம் என்று கணக்கு.

கருவியைச் சூடேறவிட்டாள். சிலிக்கான் தகட்டை வைத்துச் சரிபார்த்தாள். கோடு நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. கருவி நல்லபடியாகத்தான் இருந்தது. தட்டைத் துடைத்தாள். அறை விளக்கை அணைத்தாள். கம்ப்யூட்டர் திரையை மங்கவைத்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கருப்புத் திரையை இழுத்தாள்.

இருட்டு மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. மேசை விளிம்பு கைக்குக் கிடைத்தது.

அளவு முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு முள்.

பழைய கோப்பு எதையோ திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி அளந்தாள். இரண்டு முள். மின்பலகையில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. கருப்பு டேப் ஒட்டினாள். கதவின் அடியில் துண்டைச் சுருட்டி அடைத்தாள். மறுபடி அளந்தாள். அதே இடத்தில் அதே இரண்டும்.

அளந்த கோட்டைத் தொகுப்பில் போட்டுத் தேடினாள். சக்கரம் சுற்றியது. பதில் வந்தது:

மிக நெருங்கிய பதிவு: ஆளில்லை. பதிவு செய்தவர்: விளக்கு. பொருத்தம்: 99 விழுக்காடு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருட்டில் தன் சிரிப்பைத் தானே கேட்டதும் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. அறைக்குள் அதன் வெளிச்சம் கூடாதென்று, அளவை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து பேசினாள். பால்காரர். பேசிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் கோடு சுத்தமாக இருந்தது. ஒரு முள்ளும் இல்லை. அப்பாடா, எங்கிருந்தோ கசிந்த வெளிச்சம் அடைபட்டுவிட்டது என்று உட்கார்ந்து, உறுதிசெய்துகொள்ள இன்னொன்று எடுத்தாள்.

இரண்டும் வந்து நின்றன.

எழுந்துபோய் ஜன்னல் திரையைத் திறந்தாள். வெயில் அறைக்குள் வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்திலேயே அளந்தாள். கோடு முழுக்க வீங்கிப்போய் எதற்கும் உதவாமல் இருந்தது. ஆனால் முள் இல்லை. மூடினால் இருந்தது.

*

கணவரின் தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்கடை வைத்திருக்கிறாள். அண்ணன் போனதிலிருந்து அண்ணியோடுதான் இருக்கிறாள். அண்ணனின் மேசை விளக்கு இப்போது அவளுடைய தையல் மெஷின் மேல் இருந்தது. மறுநாள் அவளே அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

"இந்தாங்க அண்ணி உங்க சீர்வரிசை. ஒரு விளக்கைத் தூக்கிட்டு தெருவுல நடந்தா எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறாங்க. எங்க அண்ணன் எப்படித்தான் தினமும் தூக்கிட்டு வந்தானோ."

"வெக்கம் இல்லாதவங்களுக்கு என்னடி. உள்ள வா."

"அட, இது நான் தெச்ச திரை!" வாலு கருப்புத் துணியைத் தடவிப் பார்த்தாள். "ரெட்டைத் துணி, உள் தையல். இதுல ஊசிமுனை வெளிச்சம் உள்ள வந்தா என் கத்திரிக்கோலைத் தூக்கிப் போட்டுடறேன்."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"ஒண்ணுமில்ல. விளக்கை இங்க வை."

விளக்கு எப்போதும் இருக்கும் இடத்தில், கருவிக்கு இடப்பக்கம், வைத்தார்கள். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டாள். இப்போது முள் வரும், இது விளக்கோடதுதான் என்றாகிவிடும், நேற்று நடந்தது என்ன கோளாறோ அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அளந்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு மொத்தையான மேடு எழுந்தது. ஒட்டகத் திமில் மாதிரி, கரையில்லாமல், மழுங்கலாக. எங்கும் ஊசி போல எதுவும் இல்லை.

அவள் விளக்கின் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சுருள் பல்பு இல்லை. உருண்டையாக, வெள்ளையாக, ஓர் எல்.ஈ.டி பல்பு. அதன் வெளிச்சத்துக்கு முள் கிடையாது.

"இது என்ன?"

"பல்பு."

"பல்புன்னு தெரியுதுடி. பழசு எங்க?"

"அது அன்னிக்கே போயிடுச்சே அண்ணி. அண்ணனைக் கொண்டுபோன அன்னிக்கு. கூட்டத்துல யாரோ மேசையை இடிச்சு விழுந்து நொறுங்கிடுச்சு. நான்தான் பொறுக்கிப் போட்டேன். உங்ககிட்ட அன்னிக்கு இதையெல்லாமா வந்து சொல்லிட்டு இருப்பாங்க? அப்புறம் தைக்கறதுக்கு இதைப் போட்டுக்கிட்டேன்."

அவள் தொப்பியைத் திரும்பக் கவிழ்த்தாள். அந்தச் சுருள் பல்பு உலகத்தில் எங்கும் இல்லை. மாசக்கணக்கில் இல்லை. அதன் முள்தான் நேற்று முழுக்க இந்த அறையில் நின்றுகொண்டிருந்தது.

"வாலு, ஒரு நிமிஷம் அணைச்சுட்டு அளக்கறேன். அப்படியே உக்காரு."

விளக்கு அணைந்ததும் வாலு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, சீக்கிரம் போடுங்க. எனக்கு இருட்டுன்னா சின்ன வயசுலேருந்தே ஆகாது."

"தெரியும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வியாதி."

"அண்ணனுக்கா? அவனுக்கு என்ன பயம்?" இருட்டில் வாலுவின் குரல் மட்டும் வந்தது. "பயம் எனக்குத்தான். அழுதா அப்பா அடிப்பார். அதுக்காக அவன், 'எனக்குத்தான் பயமா இருக்கு, விளக்கை அணைக்காதீங்க'ன்னு சொல்லுவான். அடியும் அவனே வாங்குவான். வெளிச்சம் இருந்தா அவனுக்குத் தூக்கமே வராது அண்ணி. கண்ணுமேல கையைப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பான்."

கல்யாணமான நாள் முதலாகக் கட்டிலில் அவள் பக்கம் விளக்கு எரிந்தது. அவர் தினமும் கண்மேல் கையை மடித்துப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். பயந்த மனுஷர், கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்ட அந்த முதல் நாள், இருட்டில், அவர் எப்படிப் பார்த்தார்?

அளவு முடிந்தது. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். இரண்டு முள், நேற்றைவிட உயரமாக.

வாலு எட்டிப் பார்த்தாள். "இது என்ன அண்ணி, ரெண்டு ஊசி குத்தி வெச்ச மாதிரி?"

"உங்கண்ணன் சமாசாரம்" என்றாள் அவள். "வா, கொஞ்ச நேரம் வெளிய நிப்போம்."

அளவு தானாகத் தொடங்குவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு, இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் குடிதண்ணீர்க் கேனை உருட்டிக்கொண்டு போனார். வாலு கேன்காரருக்கு வழி விட்டு, வாயாடிச் சிரித்தாள். இவளோ கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பச்சை லேசர் வெறும் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போய்ப் பார்த்தபோது கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒன்றுமே இல்லை.

"இப்ப ஊசியைக் காணோமே" என்றாள் வாலு.

"யாருக்குன்னு போடறது? உள்ள ஆளில்லையே."

வாலு அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கருவியைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு, "நான் வெளிய வெயில்ல நிக்கறேன் அண்ணி. நீங்க முடிச்சுட்டு வாங்க" என்று போய்விட்டாள். விளக்கை எடுத்துப்போக மறந்துவிட்டாள்.

*

தனியாக இருக்கும்போது மறுபடி எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். எல்.ஈ.டி விளக்கின் வயரைப் பிடுங்கி மூலையில் வைத்தாள். வெளியே நின்று ஒன்று, உள்ளே இருட்டில் உட்கார்ந்து ஒன்று. உள்ளே உட்கார்ந்தபோது மேசை விளிம்பைத் தேடிப் போன கையை, இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சமென்று துளியும் இல்லை. கருவிக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டையும் தொகுப்பில் ஏற்றினாள். பெயரிடச் சொன்னது. முள் இல்லாததற்கு வெறும் எண் போட்டாள். முள் இருந்ததற்கு 'ஆளில்லை' என்று அடித்தாள். அந்தப் பெயர் அதற்குத்தான் என்று பழகிவிட்டது.

கடைசிக் கட்டத்தில் கேட்டிருந்தது: இரண்டு அளவுகளுக்கும் என்ன வித்தியாசம்?

'விளக்கு எரிந்தது' என்று இரண்டு சொல் எழுதினால் கத்தரி கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார். விளக்கு அணைந்திருந்தது என்று எழுதினால் கருவிக் கோளாறு என்று எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். பொய் எழுதிக் கணவரின் வேலையைக் காப்பாற்றுவதா என்று கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு, நடந்தது என்னவோ அதையே எழுதினாள்.

'முதல் அளவின்போது அறையில் யாரும் இல்லை. இரண்டாவது அளவின்போது நான் இருந்தேன்.'

*

மறுவாரம் கத்தரி கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"மேடம், ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. விளக்குதான், சந்தேகமே இல்லை. நீங்க உள்ள இருந்தப்ப போட்டிருந்தீங்க, வெளிய போனப்ப அணைச்சுட்டுப் போயிட்டீங்க. அதானே?"

"நான் எழுதினதுதான் சார் நடந்தது."

"போதும், போதும். சாரோட பதிவு ஒண்ணையும் தொடமாட்டேன். 'முள்ளைக் கழித்துப் பார்க்கவும்'னு ஒரு குறிப்பு மட்டும் போட்டுடறேன். கத்தரிக்கு லீவு."

"ரொம்ப நன்றி சார்."

"ஒரே ஒரு சந்தேகம். சும்மா தெரிஞ்சுக்கத்தான்." மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சார் எடுத்த எல்லா ஆளில்லையிலயும் முள்ளு ஒரே உயரம். விளக்கை ஒரே இடத்துல வெச்சிருப்பார் போல. உங்களோடதுல ரொம்ப உசரமா நிக்குதே. நீங்க இன்னும் கிட்ட வெச்சுட்டீங்களோ?"

அவள் பேசிக்கொண்டிருந்தது வீட்டில், கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார்ந்து. வெளியே வெயில் இருந்தது. விளக்கு இன்னும் ஆய்வுக்கூடத்து மூலையில், வயர் பிடுங்கியபடி கிடந்தது.

"ஆமா சார்" என்றாள். "பக்கத்துலதான்."